தவிட்டுக்கு வாங்கினவள்

பால் கொடுக்கும் நேரத்துக்கு மலையிலிருந்து இறங்கும் பெண்களில் நேசராணிதான் முதலில், தோட்டத்துக் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவுக்கு வந்து சேருவாள். ஆனால் உள்ளே போகமாட்டாள். கொழுந்துக் கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, இடுப்பில் கட்டிய சாக்கிலிருந்து வடியும் மழைத் தண்ணீரைப் பிழிந்தபடி, பின்னால் வரும் மாரியாயிக்காகக் காத்து நிற்பாள். மாரியாயி வந்து, தொட்டிலிலிருந்து பிள்ளையைத் தூக்கி, "இந்தா, எம் புள்ளைக்குப் பால் குடு" என்று சொல்லிக் கையில் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் நேசராணி அவனை மாரோடு அணைக்கலாம்.

அவன் நேசராணி பெற்ற பிள்ளை. மாரியாயி தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை.

பெரகலச் சந்திக்கு மேலே, சீனிக்கல் தேயிலைத் தோட்டத்தின் ஆறாம் நம்பர் லயத்து வரிசை வீடுகளில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்துக் காம்பரா. நேசராணிக்கு இவனுக்கு முன்னால் இரண்டு ஆண் பிள்ளைகள் பிறந்து, ஒன்று பத்தாம் மாதத்திலும் ஒன்று எட்டாம் மாதத்திலும் போய்விட்டன. நடுவில் பிறந்த பெண், பிலோமி, சளி கூடப் பிடிக்காமல் வளர்ந்து நின்றாள். மாரியாயிக்கு நான்கு மகன்கள். நான்கு பேரும் லயத்து வாசலில் உருண்டு புரண்டு, மழையில் நனைந்து, தும்மாமல் திரிந்தார்கள். அதனால்தான் மாசி மாதத்தில் இவன் பிறந்த மூன்றாம் நாள், மாரியாயி ஒரு சிரட்டை நிறையத் தவிடு கொண்டுவந்து நேசராணியின் மடியில் கொட்டி, பிள்ளையை விலைக்கு வாங்கினாள். ஒரு வயது முடிந்ததும் தவிட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பிள்ளையை எடுத்துக்கொள்ள வேண்டும். அதுவரை நேசராணி 'எம் மகன்' என்று வாய் திறந்து சொல்லக்கூடாது. அவளுடைய மகனைத் தேடி வருகிற சாவு, அப்படி ஒருவன் அங்கே இல்லை என்று திரும்பிப் போக வேண்டும்.

கோவிலில் சாமியார் அவனுக்கு அமலதாசன் என்று ஞானஸ்நானம் கொடுத்தார். தவிட்டு விஷயத்தை அவர் காதுக்குப் போகாமல் பார்த்துக்கொண்டார்கள். லயத்தில் அவனுக்குத் தவிடன் என்றுதான் பெயர்.

அன்று கார்த்திகை மாத மழை. மலையில் நிற்கிறவர்களின் விரல்கள் விறைத்துப்போயிருந்தன. அந்தக் குளிரில், பால் குடித்துக்கொண்டிருந்த பிள்ளையின் நெற்றியில் பொட்டுப் பொட்டாக வேர்த்திருந்ததை நேசராணி பார்த்தாள்.

"அக்கா, இங்க பாருங்க. குடிக்கயில வேர்க்குது."

"ஒஞ் சூடுடி. மலையில ஏறி எறங்கி வந்த சூடு."

"என் ஒடம்பு ஐஸா இருக்கு. தொட்டுப் பாருங்க. நாலு வாய் குடிக்கிறான், விட்டுட்டு மூச்சு வாங்குறான். மறுபடி நாலு வாய். மூத்தவனும் இப்படித்தான்..."

மாரியாயி சட்டென்று அவள் வாயைப் பொத்தினாள். கொழுந்துக் கறை படிந்த உள்ளங்கை கசந்தது.

"ஒனக்கு ஏதுடி மூத்தவன்? ஒனக்கு ஒரே பொட்டப்புள்ள. அம்புட்டுத்தான் ஒனக்கு. சொல்லு."

"ஒரே பொட்டப்புள்ளதான்."

"ஆங்."

பிள்ளைக்காம்பரா ஆயா அடுப்பை ஊதிக்கொண்டே சிரித்தாள். "மகாராசன்டி அவன். ஒருத்தி பால் குடுக்குறா, ஒருத்தி அதிகாரம் குடுக்குறா. நமக்கெல்லாம் ஒண்ணுக்கே வழியில்லாமப் போச்சு."

மாரியாயியும் சிரித்தாள். நேசராணி சிரிக்கவில்லை. பிள்ளையின் காதிலிருந்து மறுபடியும் சீழ் வடிந்து கன்னத்தில் காய்ந்திருந்தது. ஆறாம் மாதத்திலிருந்து இப்படித்தான். காது ஆறினால் பிட்டத்தில் கட்டி. கட்டி உடைந்தால் நெஞ்சுச் சளி. அதையெல்லாம் அவள் விரல் விட்டு எண்ணவும் பயந்தாள். எண்ணுகிறவள் தாயாகிவிடுவாள்.

சாயங்காலம் கொழுந்து நிறுத்துவிட்டு வந்தபோது, தேவதாசன் அடுப்படியில் மரவள்ளிக் கிழங்கைச் சுட்டுக்கொண்டிருந்தான். அவன் கொழுந்தை அரைத்துத் தூளாக்கும் தேயிலை ஸ்டோரில் வேலை செய்பவன். ஸ்டோரில் வேலை இல்லாத நாட்களே அந்த வருஷம் அதிகம். எழுபத்து நாலாம் வருஷம். மாவு இல்லை, பாண் ரொட்டி வாங்க விடியற்காலையில் பெரகலக் கடை வாசலில் வரிசை கட்ட வேண்டும், வரிசை கட்டினாலும் பாதிப் பேருக்குத்தான் கிடைக்கும்.

பிள்ளை மாரியாயியின் காம்பராவில் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அது முனகுவது கேட்டது.

"மாரியாயி அக்கா வீட்டுக்கு இந்தியா போகப் பாஸ்போட் வந்துருச்சு, தெரியுமா?" என்றான் தேவதாசன்.

"தெரியும்."

"தை மாசம் கப்பல்."

"தெரியும்ங்கிறேன்ல."

"இவனுக்கு வயசு முடியிறது மாசியில."

நேசராணி கிழங்கைப் பிட்டு பிலோமிக்கு ஊதிக் கொடுத்தாள்.

"தையில அவ கப்பலேறிட்டா மாசியில யாருகிட்ட, ராணி, திருப்பி வாங்குவ? இந்தியாவுக்குத் தவிட்டத் தபால்ல அனுப்புவியா?"

"அதுக்கு முந்திக் கேட்டு வாங்கிக்கலாம்."

"வயசு முடியாம வாங்குனா அப்பறம் எதுக்கு வித்த?" அவன் குரலைத் தாழ்த்தினான். "பாஸ்போட்டுக்குப் படம் புடிக்கப் பண்டாரவளைக்குப் போனாங்கள்ல, அன்னிக்கு இவனையும் இடுப்புல வச்சுக்கிட்டுத்தான் அவ நின்னாளாம். கவ்வாத்து வெட்டுறவன் ஒருத்தன் பாத்துட்டு வந்து சொன்னான்."

"அன்னிக்கு இவனுக்குக் காச்சல். நாந்தான் பாத்துக்கங்கன்னு குடுத்தேன்."

"காச்சக்காரப் புள்ளைக்குப் படம் எதுக்கு?"

"எனக்கென்னா தெரியும்? வெல குடுத்து வாங்குனவ அவ. ஒங்களுக்குப் பசிச்சதுன்னு அந்தத் தவிட்டையும் ரொட்டி சுட்டுத் தின்னுட்டீங்க. வெலையத் தின்னவங்க பேசக்கூடாது."

"பசிச்சுச்சு, தின்னேன். ரெண்டு ரொட்டி கூட வரல" என்றான் அவன். பிறகு இருவரும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பக்கம் மாரியாயி பிள்ளையை ஆட்டிக்கொண்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். என்ன சொல்கிறாள் என்று நேசராணி காதைத் தீட்டிக் கேட்டாள். பத்து மாதமாக அவள் அந்தச் சுவரைக் கேட்டுக்கொண்டேதான் இருந்தாள். முதலில் பிள்ளை அழுகிறதா என்று கேட்டாள். இப்போது மாரியாயி பிள்ளையிடம் தன்னை என்னவென்று சொல்லிக்கொள்கிறாள் என்று கேட்டாள்.

இரண்டு நாளில் பிள்ளையால் படுக்க முடியவில்லை. படுக்க வைத்தால் முகம் நீலமாகி, கண்ணை உருட்டியது. தோளில் சாய்த்து நிமிர்த்தி வைத்திருந்தால் மட்டும் மூச்சு வந்தது. மாரியாயி அவனைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடக்க, நேசராணி பின்னால் குடை பிடித்துக்கொண்டு தோட்டத்து மருந்துக் காம்பராவுக்குப் போனாள்.

மருந்தையா தோட்டத்துக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. "மழை பேஞ்சாப் போதும், ஒங்க புள்ளைகளுக்கெல்லாம் சளி காச்சல்னு வருத்தம் வந்துரும், ஒங்களுக்கு லீவு வேணும்" என்று சொல்லிக்கொண்டே குழாயைக் காதில் மாட்டினார். பிள்ளையின் நெஞ்சில் வைத்தார். நகர்த்தி வைத்தார். மறுபடியும் நகர்த்தினார். "சத்தமே தூரத்துல கேக்குது" என்றார், யாரிடமும் இல்லாமல். அதற்கப்புறம் லீவைப் பற்றி அவர் பேசவில்லை. பதுளை டவுன் ஆஸ்பத்திரிக்குத் துண்டுச் சீட்டு எழுதக் காகிதத்தை இழுத்தார்.

"தாய் பேரு?"

நேசராணி வாயைத் திறந்தாள்.

"மாரியாயி" என்றாள் மாரியாயி.

மருந்தையா எழுதி, முத்திரை குத்தினார். மை காய்கிறவரை நேசராணி அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் முத்திரை தெரியும். முத்திரை குத்தின காகிதத்தில் இப்போது இவன் வேறொருத்தியின் மகன். அந்தக் காகிதத்தைக் காட்டினால் கப்பல்காரன் யாரைக் கேட்பான்?

பண்டாரவளையில் இறங்கி பதுளை பஸ் ஏறினார்கள். பஸ் ஒவ்வொரு வளைவிலும் சாயும்போது மாரியாயி பிள்ளையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள். ஊவா மலைச் சரிவு முழுக்க மேகம் இறங்கி, கண்ணாடியில் வெள்ளை மட்டும் தெரிந்தது.

"என்னாடி என்னையவே பாக்குற?"

"இல்ல, புள்ளையப் பாத்தேன்."

"புள்ள இந்தப் பக்கம் இருக்கு. நீ எம் மூஞ்சியப் பாத்த." மாரியாயி பிள்ளையை அவள் மடிக்கு மாற்றினாள். "இந்தா, எம் புள்ளைக்குப் பால் குடு."

முன் சீட்டில் இருந்த ஒரு சிங்களக் கிழவர் திரும்பி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஆஸ்பத்திரியில் ஒரு பிள்ளைக்கு ஒரு தாய்தான் வார்டில் நிற்கலாம். மாரியாயி உள்ளே நின்றாள். நேசராணி சித்தி என்று சொல்லிக்கொண்டு நடைபாதையில் சாக்கை விரித்து உட்கார்ந்தாள். ஜன்னல் வழியாகக் கட்டிலின் பாதி தெரிந்தது.

பிள்ளைகள் வார்டு டொக்டர் இளவயசுச் சிங்களப் பெண். அவளுக்கும் தோட்டத்து ஆட்களுக்கும் நடுவில் பேச்சைக் கொண்டுபோய்க் கொண்டுவருகிறவள், வார்டு வேலைக்காரி லரீபா. பதுளை டவுனில் பிறந்து வளர்ந்த சோனகப் பெண். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, வாளியை ஒரு கையிலும் துடைப்பத்தை மறு கையிலும் பிடித்தபடியே இரண்டு பாஷையும் பேசினாள். 'இருக்கு' அவள் வாயில் 'ஈக்கி' ஆகும், 'சொல்லு' 'செல்லு' ஆகும்.

"டொக்டர் நோனா கேக்குறா, புள்ளைக்கு என்னத்த திங்கக் குடுக்குற நீங்க?"

"பால்தாங்க. மாரியாத்தா புண்ணியத்துல பாலுக்குக் கொறவில்ல" என்றாள் மாரியாயி.

"வேற?"

"வேற என்னத்தங்க இருக்கு குடுக்க?"

டொக்டர் பெருமூச்சு விட்டு ஏதோ சொன்னாள். லரீபா திருப்பிச் சொன்னாள்: "இந்த வருஷம் தோட்டத்துப் புள்ளையள் எல்லாம் பட்டினியிலதான் வருதாம். சாப்பாட்டுல சத்து இல்லாட்டி கல்பு, அதான் இருதயம், வீங்குமாம். இவனுக்கும் நெஞ்சுப் படத்துல கல்பு பெருத்து ஈக்கி, இந்தா இம்புட்டு." அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் ஒரு பப்பாளிப் பழத்தின் அளவு காட்டினாள். "சத்து ஊசி போட்டாச் சரியாகுமாம்."

ஊசி போட்டார்கள். மறுநாளும் போட்டார்கள். சரியாகவில்லை. காய்ச்சல் ஏறியது. மூக்கு ஓட்டைகள் விரிந்து விரிந்து மூடின.

மாரியாயி மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை பிள்ளையை நடைபாதையின் கோடியில், துணி துவைக்கும் தொட்டிக்குப் பின்னால் கொண்டுவருவாள். நேசராணி அங்கே நின்று பால் கொடுப்பாள். இரண்டாம் நாள் பின்னேரம், வாளியோடு தொட்டிக்கு வந்த லரீபா, இரண்டு பேரையும் பார்த்துவிட்டாள்.

"அப்ப தாய் ஆரு?"

நேசராணி முந்தானையை இழுத்துப் பிள்ளையை மூடினாள்.

"எனக்கு மொத நாளே சந்தேகந்தான். உள்ள ஈக்கிறவட சட்டை காஞ்சு போய் ஈக்கி. வெளிய ஈக்கிறவட சட்டை நனஞ்சு ஈக்கி. என்ன வேல இது? ஆருட புள்ளைய ஆரு கொண்டு வந்தீக்கிறது?"

"எம் புள்ளதாங்க" என்றாள் மாரியாயி. "எனக்குப் பால் வத்திப் போச்சு. இவ எந் தங்கச்சி. குடுக்குறா."

"ஒண்டு வேதக்காரி, கழுத்துல சிலுவை. ஒண்டு நெத்தி நெறைய துன்னூறு. எப்பிடித் தங்கச்சி?"

"ஒரே லயங்க."

"ஒரே லயமாம்! பொலிசுக்குச் செல்லட்டா? போன மாசம் இப்பிடித்தான் ஒருத்தி பஸ் ஸ்டாண்டுல புள்ளைய வச்சுக்கிட்டு நிண்டு புடிபட்டா."

"சொல்லுங்க. எவன் வந்து கேட்டாலும் எம் புள்ளதான். நான் வெல குடுத்து வாங்குனவ."

அந்த வார்த்தை வெளியே வந்ததும் மாரியாயியே திடுக்கிட்டாள். லரீபா இரண்டு அடி பின்வாங்கினாள். "வாங்கினதா? அல்லாஹ்!" வாளியை அங்கேயே விட்டுவிட்டு விறுவிறுவென்று வார்டுக்குள் போனாள்.

நேசராணி பிள்ளையை விலக்காமல், மாரியாயியைப் பார்த்தாள்.

"பொலிசுக்கிட்டயும் அப்படித்தான் சொல்லுவீங்களா அக்கா?"

"பின்ன? இன்னும் ரெண்டரை மாசம் இருக்கயில எட்டூருக்குக் காட்டிக் குடுக்கச் சொல்றியா?"

"தையில கப்பலேறையிலயும் அப்படித்தான் சொல்லுவீங்களா?"

மாரியாயி தொட்டி விளிம்பில் உட்கார்ந்தாள். தொட்டியில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"கேட்டுட்டியா? நல்லது. நீ எப்ப கேப்பேன்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன். சுவத்துக்கு அந்தப் பக்கம் நீ மூச்சுக்கூட விடாம ஒக்காந்து கேக்குறது எனக்குத் தெரியாதாடி?" அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "இவனையும் எம் பேர்ல எழுதிரலாமான்னு நெனச்சேன்தான். படம் புடிக்கப் போன அன்னிக்கு. ஒரு நா. அந்த ஒரு நா நெனச்சேன். ஸ்டூடியோக்காரரு, புள்ளையும் சேத்தாம்மான்னு கேட்டாரு. வேணாம்னு பெரியவன்கிட்டக் குடுத்து வெளிய நிக்க வச்சேன். நம்புறதுன்னா நம்பு."

நம்புவதா வேண்டாமா என்று நேசராணிக்குத் தெரியவில்லை. அதற்குள் லரீபா டொக்டரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

ஆனால் டொக்டர் பொலிஸ் பேச்சை எடுக்கவில்லை. பிள்ளையை வாங்கிக் கட்டிலுக்குக் கொண்டுபோனாள். பின்னாலேயே வந்த நேசராணியை யாரும் தடுக்கவில்லை. டொக்டர் பிள்ளையின் கழுத்தைத் தடவினாள். அக்குளுக்குள் விரல் விட்டுத் தேடினாள். தொடையிடுக்கில் தேடினாள். வாயைத் திறக்க வைத்து டோர்ச் அடித்து, ரொம்ப நேரம் தொண்டைக்குள் பார்த்தாள். காதுச் சீழைப் பார்த்தாள். பிறகு, துண்டில் தாய் என்று பெயர் இருந்த மாரியாயி பக்கம் திரும்பினாள்.

"இவ்வளவு சீழ் வச்ச புள்ளைக்குக் கழுத்துல நெறி கட்டோணும், ஒரு இடத்திலயும் கட்டல்லயாம்" என்றாள் லரீபா. "அது பட்டினி இல்லயாம். வேற ஒண்டை நோனா நெனைக்கிறா. அதுக்கு ஒரு கேள்வி. நீங்க பெத்த ஆம்பளப் புள்ளையள்ல சின்னதில ஏதாச்சும் மவுத்தாகி ஈக்கா? யோசிச்சுச் செல்லுங்க."

மாரியாயி நேசராணியைப் பார்க்கவில்லை.

"இல்லீங்க. எனக்கு நாலு பயலுக. நாலும் கல்லுக் குண்டு."

"ஒண்டும் சாகல்லயா?"

"சாகலீங்க."

டொக்டர் தலையை ஆட்டினாள். கையிலிருந்த தாளில் எழுதி வைத்திருந்த ஒரு வரியை, பேனாவால் ஒரு கோடு இழுத்து அடித்தாள்.

நேசராணி அந்தக் கோட்டைப் பார்த்தாள். என்ன எழுதியிருந்தது என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் இந்த அம்மாளுக்கு ஏதோ ஒன்று தெரிய வந்து, மாரியாயியின் நாலு மகன்களைக் கேட்டதும் அது தெரியாமல் போய்விட்டது என்பது மட்டும் விளங்கியது. மாரியாயி சொன்னதில் பொய் இல்லை. அவளுக்கு நாலு மகன்கள். ஒன்றும் சாகவில்லை. செத்ததெல்லாம் இங்கே, இவள் வயிற்றில் பிறந்தவை. அதைத்தான் பத்து மாதமாக யாரிடமும் சொல்லாமல் விழுங்கி வைத்திருந்தாள். இப்போது சொன்னால், சாவுக்கு வழி காட்டியது போல் ஆகும். சொல்லாவிட்டால் அந்தக் கோடு அப்படியே இருக்கும்.

பிள்ளை மூச்சுக்கு ஏங்கி வாயைத் திறந்தது.

"அவ இல்ல" என்றாள் நேசராணி. "என்னக் கேளுங்க."

"ராணி!" மாரியாயி அவள் தோளைப் பிடித்தாள். "வேணாம்டி. ரெண்டரை மாசந்தான். வேணாம்."

"விடுங்கக்கா. என்னக் கேக்கச் சொல்லுங்க. இவன் எம் மகன். நான் பெத்தவன்." சொல்லிவிட்டுக் கட்டிலைப் பார்த்தாள். பிள்ளை இன்னும் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருந்தது. "எனக்கு ரெண்டு பய செத்துருக்கான். மூத்தவன் பத்து மாசம். அவனுக்கும் காதுல சீழு, நெஞ்சுல சளி. அடுத்தவன் எட்டு மாசம், அவனுக்கு முழங்கால் வீங்கிச்சு. பொட்டப்புள்ள நல்லா இருக்கா."

லரீபா சொல்லச் சொல்ல டொக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒங்கட கூடப்பொறந்தவங்க?"

"ஒரு அக்கா, எல்லங்கிற ஊருப் பக்கத்துத் தோட்டத்துல. அந்தோனியம்மா. அவளுக்கும் ரெண்டு பய போயிருச்சு. இப்ப மூணாவது, அஞ்சு மாசம். எங்கம்மாவுக்கும் தம்பிமாரு ரெண்டு பேரு சின்னதுலயே செத்ததாச் சொல்லுவாங்க. நாகம்மா கோவம்னாங்க. செய்வினைன்னாங்க. என் நாத்தனாரு கண்ணு வச்சுட்டான்னாங்க."

டொக்டர் அந்தத் தாளை எடுத்து, அடித்த வரியை மறுபடியும் கீழே எழுதினாள்.

அதற்குப் பிறகு எல்லாம் அவசரமாக நடந்தது. இருதயத்தைச் சுற்றி ஒரு பை இருக்கிறது, அதற்குள் சீழ் கட்டி, இருதயத்தை அடிக்க விடாமல் அமுக்குகிறது என்று லரீபா சொன்னாள். ஊசி போட்டு எடுக்க வேண்டும், எடுக்கையில் போனாலும் போகும், எடுக்காவிட்டால் போவது நிச்சயம். கைநாட்டு வைக்கத் தாய் வர வேண்டும் என்றார்கள். நேசராணி வைத்தாள். வார்டின் தலைமைத் தாதி, பெரிய மிஸ்ஸி, அவளையும் மாரியாயியையும் சிங்களத்தில் ஏசிக்கொண்டே மை டப்பாவை நீட்டினாள்.

கதவைச் சாத்தினார்கள். இரண்டு பெண்களும் நடைபாதையில், ஒரே சாக்கில், இடைவெளி விட்டு உட்கார்ந்திருந்தார்கள். மாரியாயி முகத்தைத் திருப்பிக்கொண்டு, "சொல்லிட்ட. சொல்லிட்ட" என்று முனகிக்கொண்டிருந்தாள். நேசராணி ஜெபம் சொல்லப் பார்த்தாள். பாதியில் மறந்து மறந்து போனது. ஒவ்வொரு காலடிச் சத்தத்துக்கும், யாரோ தன் பெயரைக் கேட்டு விசாரித்துக்கொண்டு வருவதுபோல் இருந்தது.

லரீபாதான் வந்தாள். கையில் வாளி இல்லை.

"மோர் மாதிரி வந்திச்சு. ரெண்டு ஊசி நெறைய. மூச்சு எறங்கி ஈக்கி. படுத்துக்கிட்டீக்கிறான், படுத்து!"

மாரியாயிதான் முதலில் அழுதாள்.

மறுநாள் காலையில் தேவதாசன் வந்தான். விடியற்காலை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறான். மாரியாயியை முறைத்துவிட்டு, மனைவிக்குப் பக்கத்தில் போய் நின்றான். டொக்டர் மூன்று பேரையும் கட்டிலுக்கருகில் கூப்பிட்டுப் பேசினாள். நிதானமாக, விரல்களை மடக்கி மடக்கி, நிறையப் பேசினாள்.

லரீபா கேட்டுவிட்டுத் தேவதாசனைப் பார்த்தாள். பிறகு சுருக்கமாகச் சொன்னாள்: "நோய் வருத்தத்தோட சண்டை புடிக்கிற சக்தி இவன்ட ரத்தத்துல பொறக்கும்போதே இல்லயாம். தாய்ட ரத்தத்துல வந்தது ஆறு மாசத்துக்குத் தாங்குமாம், பொறவு முடிஞ்சிடுமாம். கொழும்புக்கு அனுப்பப் போறா. அங்க மாசா மாசம் ஊசி போட்டா ஆள் நிக்கலாம். நிக்கும்னு நோனா செல்லல்ல. நிக்கலாம்னுதான் செல்றா."

"அவ்வளவுதானா?" என்றாள் நேசராணி.

"அவ்வளவுதான்."

"அவங்க நெறையப் பேசுனாங்க. நீங்க கொஞ்சமாத்தான் சொன்னீங்க."

லரீபா முக்காட்டைச் சரிசெய்தாள். "மத்தது பொறவு செல்றன் புள்ள. ஒனக்கிட்ட மட்டும்."

"இப்பவே சொல்லுங்க. அவரும் கேக்கட்டும். அக்காவும் கேக்கட்டும். இனி ஒளிச்சு ஒண்ணும் வேணாம்."

லரீபா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "தாய் வழியா வாரதாம். பொம்புளையளுக்கு ஒண்டும் செய்யாதாம், அவங்க சுமக்கிற மட்டுந்தான். அவங்க பெத்த ஆம்பளப் புள்ளையளைத்தான் புடிக்குமாம். எல்லாத்தையும் இல்ல, சிலதை. ஒங்கட உம்மாக்கிட்ட இருந்து ஒங்களுக்கு. ஒங்ககிட்ட இருந்து..."

அவள் கட்டிலைக் கைகாட்டினாள்.

தேவதாசன் மெல்லத் திரும்பித் தன் மனைவியைப் பார்த்தான். மாரியாயிக்கு அந்தப் பார்வை தெரியும். கப்பல் தேதி தெரிந்த நாளிலிருந்து, சுவருக்கு அந்தப் பக்கமிருந்தும், வாசலிலிருந்தும், தண்ணீர் பிடிக்கும் பீலியடியிலிருந்தும் அவள்மேல் விழுந்துகொண்டிருந்த அதே பார்வை.

"என்னய்யா பாக்குற?" என்றாள் மாரியாயி. "நேத்து வரைக்கும் என்னப் பாத்த. இன்னிக்கு இவளப் பாக்குற. நாளைக்குப் பிலோமியப் பாப்பியா? அஞ்சு வயசுப் பொட்டச்சி, அவளையும் இப்படித்தான் பாப்பியா?"

அவன் கண்ணைத் தாழ்த்திக் கட்டிலைப் பார்த்தான். பிள்ளை மல்லாந்து, கைகளை விரித்துப்போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. நெஞ்சில் சின்னதாக ஒரு பஞ்சு ஒட்டியிருந்தது.

நேசராணி அவனிடம் அழவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை. அவள் நினைப்பு வேறெங்கேயோ போயிருந்தது.

"எல்ல பஸ் எத்தன மணிக்குங்க?"

"எதுக்கு?"

"அந்தோனியம்மாக்கா மகனுக்கு அஞ்சு மாசம். ஆறு மாசம் வரைக்குந்தான் தாங்கும்னாங்கள்ல? போயிக் கூட்டிட்டு வாங்க. இந்த டொக்டரம்மா இருக்கிறப்பவே காட்டிரணும்."

"நான் போய் என்னான்னு சொல்றது? அவ மாமியா வீட்டுல யாரு குத்தம்னு கேப்பாங்க."

"எங்கம்மாகிட்ட இருந்து எங்க ரெண்டு பேருக்கும் வந்ததுன்னு சொல்லுங்க. அவளத் தனியாக் கூப்பிட்டுச் சொல்ல வேணாம். எல்லாரும் இருக்கையிலயே சொல்லுங்க."

தேவதாசன் சட்டைப் பையில் பஸ்ஸுக்குச் சில்லறை இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டு நடைபாதைக்கு வந்தான். படியிறங்கப் போனவன் திரும்பினான்.

"அந்தப் பயலுக்குப் பேரு என்னா?"

"கோயில்ல வச்ச பேரு ஒண்ணு இருக்கு. பயந்துக்கிட்டு யாரும் கூப்புடுறதில்ல" என்றாள் நேசராணி. "லயத்துல போயி, அந்தோனியம்மா மகன் எங்கன்னு கேளுங்க. சத்தமாவே கேளுங்க."